படகுக்கு எர்த் எங்கே?

கண்ணு, அன்றைக்குக் காலையில் போனில் பேசிக்கொண்டே இருந்தவள் திடீரென்று ஏன் வாயடைத்துப் போனேன் என்று நீயும் கேட்டுக்கொண்டே இருக்கிறாய். சிக்னல் போய்விட்டது என்று உன்னிடம் ஒரு பொய்யைச் சொல்லிவைத்தேன். தேசூர் பஸ் ஸ்டாண்டில் சிக்னலுக்கு ஒரு குறையும் இல்லை. எனக்குத்தான் பேச்சு வரவில்லை. உன் அம்மாவுக்குப் பேச்சு வரவில்லை என்று வெளியே சொன்னால் நம் தெருவில் யாரும் நம்பமாட்டார்கள். வருகிற ஞாயிற்றுக்கிழமை நானும் உன் அப்பாவும் உன் படகில் ஏற வருகிறோம். நேரில் சொல்லலாம் என்றால் அவர் பக்கத்தில் இருப்பார், உன் கூட்டாளி இருப்பான், நான் பாதியில் அழுது வைப்பேன். அதனால் எழுதிவிடுகிறேன். நீளமாகத்தான் இருக்கும். சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்து படி.

செய்யாறு கம்பெனியில் ஷிப்ட் வேலை, தெருமுனைக்கே வந்து ஏற்றிக்கொண்டு போகிற கம்பெனி பஸ், எல்லாவற்றையும் விட்டுவிட்டு மலையடிவாரத்து ஏரியில் பேட்டரிப் படகு ஓட்டப்போகிறேன் என்று நீ வந்து நின்றபோது நான் போட்ட சண்டையை நீ மறந்திருக்கமாட்டாய். நம் ஊர் ஆற்றில் மணலைப் பார்த்து வளர்ந்தவனுக்குப் படகு எதற்கு என்று கேட்டேன். ஆனால் சண்டை ஓய்ந்ததும் நான் கேட்ட அடுத்த கேள்வி நினைவிருக்கிறதா? "அது எப்படிடா ஓடும்? தண்ணியும் கரண்ட்டும் ஒண்ணா இருக்கலாமா?" நீ விழுந்து விழுந்து சிரித்தாய். என்ன செய்வது, என் புத்தி அப்படி. கோபம் ஒரு பக்கம் ஓடும், அது எப்படி, இது ஏன் என்கிற கேள்வி இன்னொரு பக்கம் ஓடும். கடைக்குப் பட்டு நூல் வாங்க வருகிறவர்களையும் நான் விடுவதில்லை. மாமியார் ஊர் எது, கிணற்றில் தண்ணீர் இருக்கிறதா, மாடு எத்தனை லிட்டர் கறக்கிறது, எல்லாம் தெரிந்தாக வேண்டும். "நூலை எடை போடச் சொன்னா இவ ஆளை எடை போடறா" என்று உன் அப்பா தறிக்குழியில் இருந்தபடியே சொல்வார்.

நான் தேசூருக்குப் போவதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை மாலை நீ போன் செய்து ஊர்க்கதை எல்லாம் பேசிவிட்டு, வைக்கப்போகிற நேரத்தில்தான் அதைச் சொன்னாய். "படகுல ஏறும்போது கம்பியைப் புடிச்சா சில நேரம் கையில சுருக்குங்குதும்மா." கையில் இருந்த நூல் சிட்டத்தைக் கீழே வைத்துவிட்டேன். எப்போதெல்லாம் என்று கேட்டேன். எப்போது என்று சொல்ல முடியவில்லை, ஈரக்கை என்றால் அப்படித்தான் இருக்கும் என்று இங்கே வயர்மேன் சொல்கிறார் என்றாய். அவர் படகு வேலை தெரிந்தவரா என்று கேட்டேன். "வூட்டுக்கு வயரிங் பண்றவரும்மா. படகுக்குன்னு இங்க ஆளே இல்ல. நானும் விசாரிச்சிகினுதான் இருக்கேன்" என்றாய். அடுத்த வாரம் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் ஒரு பஸ் நிறைய வருவதாக ஏற்பாடு. அந்தப் பிள்ளைகளின் ஈரக் கைகளும் அந்தக் கம்பியும் என் கண் முன்னால் வந்து நின்றன. உன் கையை நான் அப்போது நினைக்கவில்லை. நீ என்னவோ இரும்பில் செய்தவன் மாதிரி. "ஆளை நான் புடிச்சி அனுப்பறேன், நீ கவலைப்படாத" என்று சொல்லிவிட்டேன். ஆரணியில் படகு எலக்ட்ரீஷியனை எங்கே போய்ப் பிடிப்பாய் என்று உன் அப்பா கேட்டார். கேட்டால்தானே தெரியும் என்றேன்.

முதலில் நம் தெரு ரவியிடம் போனேன். தறியில் பூ போடுகிற ஜக்கார்டைத் தூக்குகிற மோட்டார் யார் வீட்டில் நின்றாலும் அவன்தான் வரவேண்டும், வந்தால் ஓடும். எனக்கு ரொம்ப நாளாக மனதில் இருந்த கேள்வியை அவனிடம் கேட்டேன். "ரவி, வூட்டுக்கு எர்த்துக்குக் குழி தோண்டறோம். உப்பும் கரியும் கொட்டறோம், வெயில் காலம் வந்தா தண்ணி ஊத்தறோம். படகுக்கு எர்த்து எங்கடா?" அவன் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "ஏரிதான்க்கா எர்த்து. அத்தாம் பெரிய எர்த்து யாருக்குக் கீது? ஒரு கம்பியைத் தண்ணியில வுட்டா மேட்டர் முடிஞ்சிது." எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. இருந்தாலும் பஸ் ஸ்டாண்ட் பக்கம் வண்டிகளுக்கு வயரிங் பார்க்கிறவரிடமும் அதே கேள்வியைக் கேட்டேன். "வண்டிக்கு பாடிதாம்மா எர்த்து. படகுக்கும் பாடியிலயே குடுத்துடலாம்" என்றார். பெரிய கட்டடங்களுக்கு வேலை எடுக்கிற லைசென்ஸ்காரர் ஒருவர் இருக்கிறாரே, அவர் மட்டும் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "எனக்குக் கட்டடத்துக்குத்தான் லைசென்ஸுங்க. படகுல நான் கை வைக்கமாட்டேன். தெரிஞ்சவரைப் பாருங்க" என்றார். ஒரே கேள்விக்கு ஏரி, பாடி, தெரியாது என்று மூன்று பதில். மூன்றும் எப்படிச் சரியாக இருக்கும்? எனக்குப் படகு மறந்துபோய் இந்தக் கேள்வியே பெரிதாகிவிட்டது. சாம்பாருக்கு உப்புப் போட்டேனா என்றுகூட நினைவில்லை, போடவில்லை என்று உன் அப்பா சொன்னார்.

தேசூர் ஆளை நான் கண்டுபிடித்தது பட்டு வாங்க வந்த ஒரு பெண்ணால்தான். நான் வழக்கம்போல அவள் குடும்பத்தை அலசிக்கொண்டிருந்தபோது, "எங்க கொழுந்தன் கப்பல்ல எலக்ட்ரீஷியனுங்க, லீவுல வந்துகினு கீறாரு" என்றாள். கோபி என்று பேர். எனக்கு உடனே எழுந்து போய்க் கும்பிடவேண்டும் போல இருந்தது, ஆனால் அவசரப்படவில்லை. பெண் கொடுக்கும்போது நாம் எப்படி விசாரிப்போம்? சொந்தக்காரர்களைக் கேட்டால் தங்கம் என்பார்கள். அந்த வீட்டோடு சுவர்த் தகராறு உள்ளவர்களைக் கேட்கவேண்டும். அப்படி ஒருவரைப் பிடித்து போனில் கேட்டேன். "திமிர் புடிச்ச ஆளுங்க அவன். மதிச்சிப் பேசமாட்டான்" என்று ஆரம்பித்தார். வேலை எப்படி என்றேன். இருமினார், கனைத்தார். "வேலையில கொறை சொல்ல முடியாது" என்றார். பகையாளி வாயிலிருந்து அது வருவதற்குப் பட்ட பாட்டை நான் போனிலேயே கேட்டேன். பிறகு கோபிக்குப் போன் போட்டு, படகுக்கு எர்த் எங்கே என்றேன். அவன் பதில் சொல்லவில்லை. "படகு அடி இன்னாங்க, இரும்பா, அலுமினியமா, பைபரா? தண்ணி உப்பா, நல்ல தண்ணியா? சார்ஜு எங்க போடறாங்க, கரையிலயா?" என்று என்னையே கேட்டான். அலுமினியம், ஏரித் தண்ணீர், கரையில் நிறுத்திவைத்து இரவெல்லாம் சார்ஜ் என்று நான் சொல்லச் சொல்ல, "ம்" என்று மட்டும் சொன்னான். நான் கேட்டவர்களில் திரும்பக் கேள்வி கேட்டவன் அவன் ஒருத்தன்தான். சர்ட்டிபிகேட் இருக்கிறதா என்றேன். போட்டோ அனுப்பினான். பக்கத்து வீட்டில் இன்ஜினியரிங் படிக்கிற பெண் படித்துப் பார்த்து, கப்பலில் மின்சார வேலை பார்க்கத் தேர்வு எழுதித் தேறியவர் என்று சொன்னாள். இவ்வளவும் சரியாகச் செய்தேன் கண்ணு. இதற்குப் பிறகுதான் உன் அம்மா தன் புத்தியைக் காட்டினாள்.

மறுநாளே கோபி கிளம்பி வந்துவிட்டான். உன்னிடம் போகிற வழியில் நம் கடையில் இறங்கினான். கறுப்புக் கண்ணாடி, கடை முழுக்க சென்ட் வாசனை, தோளில் ஒரு வயர் சுருள். தறிக்காரர்கள் இரண்டு மூன்று பேர் ஜரிகை வாங்க உட்கார்ந்திருந்தார்கள். எனக்குத்தான் கை சும்மா இருக்காதே, இது என்ன வயர், வீட்டு வயரைவிட எதில் உசத்தி என்று கேட்டேன். நுனியைச் சீவி நீட்டினான். உள்ளே இழைகள் வெள்ளையாக இருந்தன. வயர் என்றால் செம்புதானே, சிவப்பாகத்தானே இருக்கவேண்டும் என்று ஓர் இழையைப் பிடுங்கி, ஜரிகை பார்க்கிற கல்லில் தேய்த்தேன். வெள்ளை போய் அடியில் சிவப்பு தெரிந்தது. நம் கடையில் அதற்கு என்ன அர்த்தம் என்று உனக்குச் சொல்லவேண்டியதில்லை. நல்ல ஜரிகையைத் தேய்த்தால் தங்கப் பூச்சுக்கு அடியில் வெள்ளி வெள்ளையாக வரும். சிவப்பு வந்தால் அது செம்பு, மேலே முலாம், போலி. இத்தனை வருஷமாக அந்தச் சிவப்பைக் காட்டித்தான் எத்தனையோ பேரை வாசலோடு அனுப்பியிருக்கிறேன். என் கண்ணுக்கு அதைத் தவிர வேறு எதுவும் தெரியவில்லை.

"உள்ள செம்பு, மேல வெள்ளை. இந்த வேலையை எங்கிட்டயே காட்டறியா தம்பி?" என்று எல்லோர் முன்னாலும் கேட்டுவிட்டேன். அவன் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினான். "அது அப்படித்தாங்க இருக்கணும்" என்றான். ஜரிகையில் ஏமாற்றுகிறவனும் இதே வார்த்தையைத்தான் சொல்வான் என்றேன். உட்கார்ந்திருந்தவர்களில் ஒருத்தர் சிரித்துவிட்டார். அந்தச் சிரிப்புதான் அவனைக் குத்தியது என்று இப்போது தெரிகிறது. ஏன், எதற்கு என்று அவன் விளக்கியிருக்கலாம். அவனுக்குத்தான் திமிர் ஜாஸ்தி என்று பகையாளியே சொன்னாரே. "கப்பல்ல கேப்டன்கூட என் வயரை உரசிப் பார்த்ததில்ல. நீங்க வேற ஆளைப் பாருங்க" என்று சுருளைத் தோளில் மாட்டிக்கொண்டு வந்த வழியே போய்விட்டான். நான் பெரிய மோசடியைப் பிடித்துவிட்ட மாதிரி உனக்குப் போன் போட்டேன். டுபாக்கூர் ஆளைத் துரத்திவிட்டேன், ரவிக்கு நாளன்றைக்குத்தான் நேரம் ஒழிகிறதாம், அவனை அனுப்புகிறேன் என்றேன். "சரிம்மா, அவசரமில்ல" என்றாய். "காலையில எழுந்தா எனக்குத் தண்ணியில எறங்கறதுதான் வேலை. ஆகாயத்தாமரை படகு விசிறியில சுத்திகினு வுடமாட்டேங்குது, கத்தியால அறுத்து அறுத்து எடுக்கறேன்" என்றாய். அதற்கு நான் என்ன சொன்னேன் தெரியுமா? தலையை நன்றாகத் துவட்டு, சளி பிடிக்கும் என்றேன்.

பிடுங்கிய இழை கல் மேலேயே கிடந்தது. துடைத்துப் போட்டிருந்தால் கதை அதோடு முடிந்திருக்கும். ஆனால் அதைப் பார்க்கப் பார்க்க என்னவோ ஒன்று இடித்தது. ஜரிகையில் ஒருத்தன் ஏன் முலாம் பூசுகிறான்? புடவை கட்டுகிறவள் கண்ணுக்கு, கல்யாணத்துக்கு வந்தவர்கள் கண்ணுக்கு. சரி, வயரை யார் பார்க்கப்போகிறார்கள்? அதுதான் ரப்பருக்குள்ளே போய்விடுகிறதே. பார்க்க ஆளே இல்லாத இடத்தில் எவனாவது செலவு செய்து வெள்ளை பூசுவானா? ஏமாற்றுகிறவன் முட்டாள் இல்லை கண்ணு. இந்தக் கேள்வியை வைத்துக்கொண்டு அன்றைக்கு முழுக்கச் சுற்றினேன். உன் அப்பாவிடம் கேட்டேன். "அவனையே கேட்டிருக்கலாம் இல்ல?" என்றார், அவ்வளவுதான். மறுநாள் விடிந்ததும் ரசத்துக்குப் புளி கரைத்து பித்தளைக் குண்டானில் ஊற்றினேன். ஊற்றிவிட்டு அப்படியே நின்றுவிட்டேன். வெளியே மஞ்சள், உள்ளே வெள்ளை. ஈயம் பூசுகிறவர் தெருவில் கூவிக்கொண்டு வந்தால் ஓடிப்போய் நிறுத்துகிறவள் நான்தான். எதற்குப் பூசுகிறோம்? அழகுக்கா? புளி பட்டால் பித்தளை களிம்பு ஏறிப்போகும், ஈயம் இருந்தால் ஏறாது. அந்த வயரில் இருந்தது முலாம் இல்லை, ஈயம். ஏமாற்றப் பூசியது இல்லை, காப்பாற்றப் பூசியது. அடுப்பை அணைத்துவிட்டு கோபிக்குப் போன் போட்டேன். எடுக்கவில்லை. மறுபடி போட்டேன். கட் செய்தான். முகத்தைக்கூடச் சரியாகக் கழுவாமல் தேசூர் பஸ்ஸைப் பிடித்தேன்.

பஸ் ஸ்டாண்டில் இறங்கி வீடு எங்கே என்று விசாரிக்கவேண்டிய வேலையே வரவில்லை. டீக்கடையில் அந்த சென்ட் வாசனைதான் முதலில் வந்தது, பிறகு அவன். என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டான். நான் நேரே போய் எதிரில் உட்கார்ந்தேன். "தம்பி, தப்பு என்னுதுதான். நாலு பேர் முன்னால உன்னைச் சொன்னேன், இங்க நாலு பேர் முன்னாலயே சொல்றேன். அது ஈயம்தானே?" என்றேன். டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். அவனுக்கு அது பிடித்திருக்கவேண்டும், முறைப்பு கொஞ்சம் இறங்கியது. "ஈயம்தாங்க. படகுல எப்பவும் ஈரம். வெறும் செம்புன்னா பச்சை புடிச்சி உள்ளுக்குள்ளயே பொடியாப் பூடும், வெளிய ஒண்ணுமே தெரியாது. கல்லை எடுக்கறதுக்கு முன்னால வாயால கேட்டிருக்கலாம் நீங்க" என்றான். நானும் விடாமல், ஏரியே எர்த் என்று ரவி சொல்கிறானே, அது சரியா என்றேன். அவன் டீ கிளாஸைக் கீழே வைத்தான்.

"தண்ணியில கம்பி வுடப் போறாங்களா? வாணாங்க. உங்க பையனுக்கு சுருக்குன்றது எப்ப? சார்ஜுல இருக்கும்போதா?" என்று கேட்டான். தெரியவில்லை என்றேன். "யாருனா தண்ணியில எறங்கறாங்களா? படகு பக்கத்துல?" என்றான். "எம் புள்ளதான். தெனம் காலையில எறங்கி தாமரை அறுக்கறான்" என்றேன். அவன் முகம் மாறிய விதத்தை நான் சாகிறவரை மறக்கமாட்டேன். அதுவரை திமிராக இருந்த முகம். "போன் போடுங்க. சார்ஜர் பிளக்கைப் புடுங்கற வரைக்கும் தண்ணியில கால் வைக்கக்கூடாதுன்னு சொல்லுங்க. இப்பவே" என்றான். போட்டேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. நீ எடுக்கவில்லை. மறுபடி போட்டேன். எடுக்கவில்லை. அது நீ தண்ணீரில் இருக்கிற நேரம் என்று எனக்குத் தெரியும், அவனுக்கும் தெரிந்துவிட்டது. இறங்கியிருந்தால் என்ன ஆகும் என்று கேட்டேன். அவன் என் முகத்தைப் பார்க்காமல் உன் கூட்டாளி நம்பரைக் கேட்டான். என்னிடம் இல்லை. கடையில் நான் அவனைத் துரத்தாமல் இருந்திருந்தால் முந்தின நாளே அவன் உன் படகில் நின்றிருப்பான். அந்தக் கல்லை எடுத்த என் கையை வெட்டிப் போடலாம் போல இருந்தது. சாமி பேர் ஒன்றுகூட வாயில் வரவில்லை, உன் பேர்தான் வந்தது.

அப்போதுதான் நீ கூப்பிட்டாய். "இன்னாம்மா, இத்தினி தரம் போன் போட்டுகீற? தண்ணியில இருந்தேன், இப்பதான் ஏறினேன்" என்றாய். தலையிலிருந்து தண்ணீர் சொட்டுகிற சத்தம்கூட எனக்குக் கேட்ட மாதிரி இருந்தது. உனக்கு ஒன்றும் இல்லையே, உனக்கு ஒன்றும் இல்லையே என்று நான் அதையே சொல்லிக்கொண்டிருந்தேன். சார்ஜர் ஓடுகிறதா என்று கோபி பக்கத்திலிருந்து கேட்கச் சொன்னான். "இல்லம்மா. தண்ணியில எறங்கும்போது பிளக்கைப் புடுங்கி ஆணியில மாட்டிட்டுதான் எறங்குவேன். எப்பவும் அப்படித்தான்" என்றாய். யாராவது சொல்லிக் கொடுத்தார்களா என்றேன். நீ சிரித்தாய். "யாரு சொல்லணும்? அப்பா குழியில எறங்கறமாதிரிதான்" என்றாய். அங்கேதான் எனக்குப் பேச்சு போனது கண்ணு. போனை அப்படியே கட் செய்துவிட்டேன். கோபி உன் நம்பரை வாங்கித் தன் போனிலிருந்து கூப்பிட்டு, "தம்பி, அந்த பிளக்கை திரும்பப் போடவே போடாதீங்க, நான் வந்துகினே இருக்கேன்" என்று சொன்னதெல்லாம் உனக்குத் தெரியும். நான் டீக்கடை பெஞ்சில் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது மட்டும்தான் உனக்குத் தெரியாது.

கோபி அங்கே வந்து பார்த்தபோது சார்ஜர் வயர் படகுக் கம்பியில் உரசி உரசித் தோல் போயிருந்தது, கரையில் இருந்த பிளக் பாயின்ட்டில் எர்த் ஓட்டை மட்டும் இருந்து அதற்குப் பின்னால் எதுவுமே இல்லாமல் இருந்தது, எல்லாம் நீ கூடவே இருந்து பார்த்தவன். ஆனால் திரும்பி வரும்போது அவன் நம் கடையில் உட்கார்ந்து எனக்கு விளக்கமாகச் சொன்னான், அதை நீ கேட்டாயோ என்னவோ. கடல் தண்ணீரைவிட ஏரித் தண்ணீர்தான் இந்த விஷயத்தில் மோசமாம். உப்புத் தண்ணீரில் கரண்ட் தண்ணீர் வழியாகவே ஓடிவிடும், மனுஷனை அதிகம் சீண்டாது. நல்ல தண்ணீரைவிட மனுஷ உடம்பு அதற்கு நல்ல வழி, அதனால் உடம்புக்குள் புகுந்து போகும். அடித்துத் தள்ளக்கூட வேண்டியதில்லை, கை கால் அசையாமல் போனால் போதும், நீச்சல் தெரிந்தவனும் முழுகிப்போவான், கரையில் நிற்கிறவர்களுக்குக் காரணமும் தெரியாது. நல்லது என்று பேர் வைத்த தண்ணீர் இப்படிச் செய்யுமா என்று நான் வாயைப் பிளந்தேன். அப்படியானால் படகுக்கு எர்த் எங்கேதான் என்று கேட்டேன். "படகு சார்ஜுல இருக்கும்போது கரையிலதாங்க. கரையில எர்த்து சரியா இருக்கணும், கரண்ட்டு கொஞ்சம் கசிஞ்சாலும் தானா வுழற பிரேக்கர் இருக்கணும். ரெண்டும் போட்டுட்டேன்" என்றான். ரவியையும் கூப்பிட்டு உட்காரவைத்துக் கேட்கச் செய்தேன். அவன் தலையைச் சொறிந்துகொண்டு, நல்லவேளை நான் போகலக்கா என்றான். உனக்கு நான் சொல்வது இதுதான், இனிமேல் படகில் யாரையாவது கை வைக்க விடுவதற்கு முன்னால் அந்தக் கேள்வியைக் கேள். கேட்ட உடனே பதில் சொல்கிறவனை டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடு.

உன் அப்பா விஷயத்துக்கு வருகிறேன். மழைக்காலத்தில் தறிக்குழியில் ஊற்று எடுக்கும், இறங்கித் துடைக்கவேண்டும். மோட்டார் பிளக்கைப் பிடுங்கி, குழிக்குள்ளிருந்து பார்த்தால் தெரிகிற மாதிரி ஆணியில் மாட்டிவிட்டுத்தான் மனுஷன் இறங்குவார். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து நான் அதைக் கேலி செய்துகொண்டிருக்கிறேன். சுவிட்சை அணைத்தால் போதாதா, பிளக்கைத் தூக்கில் போடவேண்டுமா என்பேன். "சுவிட்சை யாருனா தெரியாம தட்டிப்புடுவாங்க. ஆணியில தொங்கறதுல கரண்ட்டு வராது" என்பார். பயந்தாங்கொள்ளி என்று உன் முன்னாலேயே சொல்லியிருக்கிறேன். நீயும் என்னோடு சேர்ந்து சிரித்திருக்கிறாய். ஊரே வந்து கைகட்டி நிற்கிற என் கண்ணும் கல்லும் உன்னைத் தண்ணீரில் தள்ளப் பார்த்தன. நான் சிரித்த அந்த ஆணி உன்னைப் பிடித்துக்கொண்டது. தேசூரிலிருந்து வந்த அன்றைக்கு நேரே தறி அறைக்குப் போய், அவர் பிளக்கை மாட்டுவதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். "இன்னா அப்படிப் பாக்கற?" என்றார். ஒன்றுமில்லை என்றேன். இன்னும் சொல்லவில்லை. சொன்னால் நான் அழுவேன், அவர், "புடுங்கிட்டுதானே எறங்கணும்" என்று சொல்லிவிட்டு தறி நாடாவைக் கையில் எடுத்துக்கொள்வார். நீ சொல். உன் வாயால் கேட்டால் ஒரு நாளாவது அவருக்கு நெஞ்சு நிமிரும்.

இரண்டாவது படகு எடுக்கப்போகிறாய், அதற்குத் தனியாகப் பிளக் பாயின்ட் வைக்கப்போகிறாய் என்று கோபி சொன்னான். அதனால் நேற்று உன் அப்பாவிடம், உங்கள் பிள்ளைக்கு ஓர் ஆணி வேண்டுமாம், நல்லதாகப் பார்த்து எடுங்கள் என்றேன். எதற்கு என்றுகூடக் கேட்கவில்லை. பழைய சாமான் டப்பாவைக் கவிழ்த்து, கண்ணாடி போட்டுக்கொண்டு, ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்து, எதிலும் திருப்திப்படாமல் மாலை வரை உட்கார்ந்திருந்தார். ஈரத்தில் துருப்பிடிக்கக்கூடாது என்று கடைசியில் ஒரு பித்தளைக் கொக்கியை எடுத்து வேட்டியில் துடைத்துக் கொடுத்தார். ஞாயிற்றுக்கிழமை கொண்டுவருகிறேன், அவர் கையாலேயே அடிக்கச் சொல். பையில் வைப்பதற்கு முன்னால், என் கை சும்மா இருக்குமா, கல்லில் ஓர் உரசு உரசிப் பார்த்தேன். உள்ளேயும் பித்தளைதான்.